பழைய ஜிப்ஸியை மலைப்பாதைக்குத் தயார் செய்வது எப்படி: முதலில் பழுது, அப்புறம்தான் மாற்றம்

பழைய மாருதி ஜிப்ஸி வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது டயரைப் பற்றியும் லிஃப்ட் (வண்டியை உயர்த்துவது) பற்றியும்தான். எத்தனை இன்ச் தூக்கலாம், எந்த டயர் ஏறும், முன்னால் வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) வைக்கலாமா? எல்லாவற்றுக்கும் பதில் உண்டு, ஆனால் அதற்கான முறை பிறகுதான் வரும். இருபது வருடம் ஓடிய வண்டியில் கிங்பின் பேரிங் (முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் மூட்டைத் தாங்குவது) தேய்ந்திருக்கும்போது பெரிய டயரை மாட்டினால், தேய்மானத்தால் வந்த ஆட்டம் இரண்டு மடங்காகும். பிரேக் சரியாக இல்லாத வண்டியை உயர்த்தினால், நிற்காத வண்டி கவிழவும் தயாராகும். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி பழுதுபார்ப்பு. மாற்றங்கள் கடைசியில் வரும், அவையும் குறைவாகவே இருக்கும்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். மாருதி ஜிப்ஸி 1985 டிசம்பரில் வந்தது. முதலில் எம்ஜி 410, 970 சிசி கார்புரேட்டர் எஞ்சின். 1996இல் 1.3 லிட்டர் எஞ்சினோடு ஜிப்ஸி கிங் வந்தது. 2000இல் அதற்கு கார்புரேட்டருக்குப் பதில் எரிபொருளைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ 16 வால்வ் எஞ்சின் கிடைத்து, 60 குதிரைத்திறன் 80 ஆனது. 2018-19இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. ஆக, இப்போது சந்தையில் கிடைப்பது எல்லாமே பழைய வண்டிதான்.

கட்டமைப்பு எளிமையானது. ஏணி போன்ற சேஸிஸ், முன்னும் பின்னும் முழு ஹவுசிங் (ஆக்ஸிலை மூடியிருக்கும் இரும்பு உறை), நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் (விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) தனித்தனி, இடையில் ஒரு குட்டி ஷாஃப்ட். காலி வண்டியின் எடை ஏறத்தாழ ஒரு டன்தான். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிப்ஸி சேற்றிலும் மணலிலும் போவதற்கு முக்கியக் காரணம் அதன் எடை குறைவு. நாம் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் அந்த வரத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பதுதான்.

வாங்கும்போதே பார்க்கவேண்டியவை

முதலில் காகிதம். ஜிப்ஸிகளில் கணிசமானவை ராணுவத்திலும் போலீஸிலும் ஓடி ஏலத்தில் வந்த டிஸ்போசல் வண்டிகள். அவை மோசம் என்று சொல்லவில்லை, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டவையும் உண்டு. ஆனால் ஏலப் பத்திரத்திலிருந்து இப்போதைய ஆர்.சி. வரை தொடர்ச்சி அறுபடாமல் இருக்கவேண்டும். சேஸிஸில் குத்தியிருக்கும் எண்ணைத் துடைத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தைச் சுற்றி வெல்டிங் தடமோ புதுப் பெயின்டோ தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம், அதன்பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். புதுப்பித்தல் எப்போது முடிகிறது, பசுமை வரி கட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது துரு. எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். அரித்துப்போன சேஸிஸைச் சரிசெய்வது வேறு கதை. ஒரு சின்னச் சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டுகள், பாடி உட்காரும் மவுண்டுகள், ஸ்டீயரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடம், பின்சக்கரத்துக்கு மேல் சேஸிஸ் வளையும் பகுதி ஆகிய இடங்களில் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் உள்ளே அரிப்பு இருக்கிறது. உள்ளே மிதியடியைத் தூக்கி, கால் வைக்கும் தகட்டையும் பாருங்கள். தகடு போயிருந்தால் டிங்கரிங்கில் சரியாகும். ஸ்பிரிங் பிராக்கெட்டின் வேரில் ஓட்டை என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் நகர்ந்துவிடுங்கள். கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்கவேண்டும்.

புதிதாகக் கருப்பு அண்டர்கோட் அடித்த வண்டியும் சந்தேகத்துக்குரியதே. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

வாங்கிய உடனே

பழைய உரிமையாளர் என்ன சொன்னாலும், எல்லா எண்ணெயையும் மாற்றுங்கள்: எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங். ஒவ்வொன்றையும் தனித்தனி பாத்திரத்தில் வடித்துப் பாருங்கள், ஏனென்றால் வடியும் எண்ணெய் அந்த வண்டி ஓடிய கதையைச் சொல்லிவிடும். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மெல்லிய பொடி ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். பல் துண்டோ செதிலோ இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

ஹவுசிங்கைத் திறக்கும்போது ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் எண்ணெய் ஊற்றும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வடிகால் போல்ட்டைக் கழற்றவேண்டும். எண்ணெயை வடித்தபிறகு மேல் போல்ட் துருவேறிக் கழலவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 வகை எண்ணெய், ஹவுசிங்குக்கு ஜிஎல்-5. எல்லாம் கியர் ஆயில்தானே என்று கடையில் ஒரே டின்னைக் கொடுப்பார்கள். ஹவுசிங்குக்குள் இருக்கும் கிரவுன் பினியன் கியரின் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்துவதால் அதற்குக் கடுமையான ரசாயனம் சேர்த்த எண்ணெய் வேண்டும். அந்த ரசாயனம் கியர்பாக்ஸில் உள்ள பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு நல்லதில்லை.

டைமிங் பெல்ட்டையும் இப்போதே மாற்றிவிடுங்கள். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லாவிட்டால், மாற்றவே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ளவேண்டும். அதோடு டென்ஷனர் பேரிங், வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ்கள். ஒருமுறை பிரிக்கும்போதே எல்லாவற்றையும் செய்தால் கூலி மிச்சம்.

ரேடியேட்டரைத் தனியாகச் சொல்லவேண்டும். நெடுஞ்சாலையில் காற்று தானாக வந்து எஞ்சினைக் குளிர்விக்கும். மலைப்பாதையில் லோ கியரில் நடைவேகத்தில் ஏறும்போது எஞ்சின் அதிகமாகச் சுற்றும், காற்றோ வராது. ரோட்டில் ஊசி நடுவில் நிற்கும் வண்டி, பாதையில் கொதிக்கும். ரேடியேட்டரைக் கழற்றி, உள்ளே படிந்த கசடைச் சுத்தம் செய்து, மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போடுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றாமல் கூலண்ட் ஊற்றுங்கள். சிலர் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியச் சொல்வார்கள். கேட்காதீர்கள், எஞ்சின் அதற்குரிய சூட்டில் ஓடத்தான் அது இருக்கிறது.

முன் ஹவுசிங்: இங்கே அவசரப்படக் கூடாது

ஜிப்ஸியில் அதிகம் தேய்வதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் முன்சக்கரத்தைச் சுற்றியுள்ள பகுதிதான். ஹவுசிங்கின் இரண்டு முனையிலும் ஒரு இரும்பு உருண்டை. அதைச் சுற்றி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் திரும்பும். மேலும் கீழும் கிங்பின் பேரிங் தாங்கும். உருண்டைக்குள் ஆக்ஸிலின் மூட்டு, சுற்றிலும் கிரீஸ். உருண்டையை வெளியிலிருந்து ஒரு சீல் துடைத்துக்கொண்டே இருக்கும்.

சோதனை இப்படி. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது. சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங்பின்னாகவும் இருக்கலாம். இப்போது ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு, மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுபோனால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆட்டம் இருந்தால் கிங்பின். அடுத்து சக்கரத்தை இடவலமாகப் பிடித்து ஆட்டுங்கள். இங்கே தெரியும் ஆட்டம் பெரும்பாலும் டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் கம்பி) முனைகளிலிருந்தோ ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்தோ வருவது. யாராவது ஸ்டீயரிங்கை லேசாக அசைத்துக்கொண்டிருக்க, நீங்கள் ஒவ்வொரு மூட்டின்மீதும் விரல் வைத்துப் பார்த்தால் எது சொத்தை என்று விரலே சொல்லிவிடும்.

ஐம்பது அறுபது வேகத்தில் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் படபடவென்று உதறுவதாகப் பல ஜிப்ஸிக்காரர்கள் சொல்வார்கள். உடனே உதறலை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பரை மாற்றுவார்கள். உதறல் சில மாதம் அடங்கி, திரும்ப வரும். டாம்பர் நோயை மறைக்கிறது, அவ்வளவுதான். கிங்பின் பேரிங்கில் இறுக்கம் குறைந்திருப்பதும், டை ராடு தேய்ந்திருப்பதும், சக்கர பேலன்ஸ் சரியில்லாததும்தான் காரணங்கள். கிங்பின்னை மாற்றும்போது மெல்லிய ஷிம் தகடுகளை வைத்து இறுக்கத்தைச் சரிசெய்யவேண்டும். நக்கிளைத் திருப்ப எவ்வளவு இழுவை வேண்டும் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. காய்கறிக்கடையில் தொங்கும் ஸ்பிரிங் தராசு போன்ற ஒன்றால் இழுத்தே அளந்துவிடலாம். கைக்கணக்கில் இறுக்கும் மெக்கானிக்குகளில் திறமையானவர்கள் உண்டு. ஆனாலும் அளந்து செய்யுங்கள் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சீலைப் பற்றி ஒரு நுணுக்கம். உருண்டையின் வெளியே கெட்டியான கிரீஸ் லேசாகப் படிந்திருந்தால் கவலை இல்லை. எண்ணெய்போல நீர்த்து, சக்கரத்தின் உட்புறம் வழிந்திருந்தால், வெளிச் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஹவுசிங்கின் உள் சீல் போய், கியர் ஆயில் உருண்டைக்குள் வந்து கிரீஸைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டும். அந்த எண்ணெய் பிரேக் பேடில் பட்டிருந்தால் பேடும் புதிதாகவேண்டும். கழுவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உருண்டையின் மேற்பரப்பில் துருக்குழிகள் இருந்தால், புதுச் சீலும் சில வாரத்தில் கிழியும். மெல்லிய எமரி தாளால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டுத்தான் சீல் போடவேண்டும்.

கடைசியாக, மண் தரையில் ஃபோர்வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டமடியுங்கள். முன்னாலிருந்து டக் டக் என்று சீராகச் சத்தம் வந்தால் ஆக்ஸில் மூட்டு தேய்ந்திருக்கிறது. ஏற்றத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்து ஆக்சிலேட்டரை அழுத்தும்போது உடைவது இதுதான்.

ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ், பிரேக்

டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாகத் தொங்குவதால் அதைத் தாங்குவது ரப்பர் மவுண்டுகள். அவை கிழிந்தால் கிளட்ச்சை விடும்போது அடியில் தொப்பென்று அடிக்கும், நெம்புகோல் தானாக ஆடும். விலை குறைந்த பொருள்தான், ஆனால் அதைக் கவனிக்காமல் விட்டால் ஷாஃப்டின் கிராஸ்கள் (முனைகளில் உள்ள சிலுவை வடிவ மூட்டுகள்) ஒவ்வொன்றாகப் போகும். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒவ்வொரு ஷாஃப்டையும் கையால் முறுக்கிப் பாருங்கள். கிராஸில் டக்கென்று ஆட்டம் தெரிந்தால் மாற்றுங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ளவற்றில் பழைய கிரீஸ் நான்கு முனையிலும் பிதுங்கி வரும்வரை பம்ப் செய்யவேண்டும்.

ஃபோர்வீல் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. முன்னால் ஒரு சக்கரத்தைத் தூக்கி, டூவீலில் வைத்து, அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஹப் (சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் பூட்டு) பூட்டியிருந்தால் முன் ஷாஃப்டும் சேர்ந்து சுற்றவேண்டும். சுற்றவில்லை என்றால் ஹப்பில் கோளாறு. அப்படிப்பட்ட வண்டியில் லீவரை எந்தப் பக்கம் தள்ளினாலும் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும்.

புதியவர்கள் மறக்கக்கூடாத ஒன்று: தார் ரோட்டில் ஃபோர்வீல் போடவேண்டாம். இந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, வேக வித்தியாசத்தை ஏற்கும் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் போகவேண்டியிருக்கும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். தாரில் வழுக்க முடியாமல் முறுக்கு முழுவதும் கியர்களில் ஏறும்.

பிரேக்கில் சிக்கனம் கிடையாது. ரப்பர் ஹோஸ்களைப் புதிதாகப் போடுங்கள், வீல் சிலிண்டர்களைப் பிரித்துப் பாருங்கள், திரவத்தை முழுக்க வடித்து மாற்றுங்கள். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமான திரவம் நீண்ட இறக்கத்தில் சூடாகி ஆவியானால் பெடல் தரைக்குப் போய்விடும். ஹேண்ட்பிரேக் ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தவேண்டும். நிறுத்தாவிட்டால் கேபிளையும் ஹேண்ட்பிரேக் டிரம்மின் லைனிங்கையும் பாருங்கள்.

உதிரிபாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. முத்திரையோடு வரும் புதுப் பொருள், சந்தையில் கிடைக்கும் மாற்றுத் தயாரிப்பு, சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களின் பழைய சாமான் என்று மூன்று வழி. கதவு, பம்பர், இருக்கை, கியர்பாக்ஸ் உறை போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பேரிங், சீல், பிரேக், ஸ்டீயரிங் மூட்டு எதையும் பழையதாக வாங்கவேண்டாம்.

இப்போது மாற்றங்களுக்கு வரலாம்

முதல் மாற்றம், இழுவைக் கொக்கி. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, சேஸிஸோடு தரமான போல்ட்டால் பிணைத்தவை. பம்பரில் வெல்டிங் வைத்த வளையம் கொக்கி ஆகாது. சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும்போது அது பிய்ந்து, வேகமாகப் பறந்துவந்து ஆளைக் கொல்லக்கூடியது.

இரண்டாவது, மூச்சுக்குழாய். ஹவுசிங்குகளிலும் கியர்பாக்ஸிலும் காற்று போய்வர ஒரு சிறு வால்வ் உண்டு. ஓடிச் சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த வால்வ் தண்ணீருக்கு அடியில் இருந்தாலோ மண் அடைத்திருந்தாலோ, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் பால்போல வெளுப்பது இப்படித்தான். வால்வில் எண்ணெய்க்குத் தாங்கும் ரப்பர் குழாயை மாட்டி, எஞ்சின் அறைக்குள் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் போதும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது குழாய் இழுபடாதபடி நீளம் விடவேண்டும். செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். எல்லா ஜிப்ஸிக்கும் இதைச் செய்யவேண்டும் என்பேன்.

மூன்றாவது, டயர். ஜிப்ஸி கிங்கின் சொந்த அளவு 205/70 ஆர்15, விட்டம் ஏறத்தாழ 668 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 போட்டால் 703. அதாவது தரையிலிருந்து இன்னும் 18 மில்லிமீட்டர் உயரம் கிடைக்கும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 63 ஆக இருக்கும். 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 733, உயரம் ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் கூடும், வேகக் கணக்கில் கிட்டத்தட்ட பத்து சதவீதப் பிழை வரும். அதைவிட முக்கியம், கியர் விகிதமும் அதே பத்து சதவீதம் பலவீனமாகும். ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஹையில் 1.409, லோவில் 2.268. ஆக, லோ என்பது ஹையைவிட 1.6 மடங்குதான் வலுவானது. மற்ற பல ஃபோர்வீல் வண்டிகளோடு பார்த்தால் இது குறைவு. பெரிய டயர் அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். அப்புறம் செங்குத்தான இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்தாது, பிரேக்கைத்தான் நம்பவேண்டிவரும். என் கருத்து, புதியவர்களுக்கு 215/75 அளவில் ஆல் டெரெய்ன் டயர் போதும். லிஃப்ட் தேவைப்படாமல் உட்காரும், ஸ்டீயரிங் முழுக்க ஒடித்து உரசுகிறதா என்று மட்டும் பாருங்கள். மட் டயர் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் மழையில் நனைந்த தார் ரோட்டில் அதன் பிடி குறைவு, நம் ஓட்டத்தில் பெரும்பகுதி அந்தத் தார் ரோட்டில்தான்.

நான்காவதாக ஸ்பிரிங். பழைய பட்டைகள் தளர்ந்து தட்டையாகியிருக்கும். ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்துப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்தாலே வண்டி ஓர் இன்ச் எழும்பிவிடும். பெரும்பாலோருக்கு அதற்குமேல் தேவையே இல்லை. விரிந்த பட்டை, உடைந்த கிளிப், நசுங்கிய புஷ் எல்லாவற்றையும் அப்போதே மாற்றுங்கள். யு போல்ட் ஒருமுறை இறுக்கியதை மறுபடி பயன்படுத்தக்கூடாது, புதிது போடுங்கள். இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். யு போல்ட் தளர்ந்தால் பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்து, ஹவுசிங்கே இடம் நகர்ந்துவிடும்.

நீளமான ஷாக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) மாட்டி உயர்த்துவது மலிவான வழி என்று பட்டறைகளில் சொல்வார்கள். இரண்டு இன்ச் நீளம் கூட்டினால் வண்டி ஓர் இன்ச்தான் உயரும். முன்னால் செய்தால் கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து, நேர்ரோட்டில் ஸ்டீயரிங் அலைபாயும், வளைவு முடிந்தபின் தானாக நேராகாது. பட்டைக்கு மேலுள்ள ஹவுசிங்கை எடுத்து, பட்டை மேலேயும் ஹவுசிங் கீழேயுமாக மாற்றி உயர்த்துவதும் நடக்கிறது. ஸ்டீயரிங் கம்பிகள், ஷாஃப்ட் கோணம், பிரேக் ஹோஸ் எல்லாம் மாறும் பெரிய வேலை அது. முதல் வருடத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

எந்த வகையில் உயர்த்தினாலும் இந்தச் சோதனை கட்டாயம். சேஸிஸைத் தாங்கி வண்டியைத் தூக்கி, சக்கரங்களை முழுக்கத் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸ் இறுகுகிறதா? ஷாஃப்டின் வழுக்கும் முனை கழன்றுவிடுகிறதா? ஷாக் அப்சார்பர் பட்டைக்கு முன்பாகவே நீட்டம் முடிந்து நிற்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் அந்த வண்டி இன்னும் பாதைக்குத் தயாரில்லை.

வின்ச்சும் இரும்பு பம்பரும் சேர்ந்தால் மூக்கில் எளிதாக அறுபது, எழுபது கிலோ ஏறும். முன் பட்டை தாழும், மூக்கு சேற்றில் முதலில் இறங்கும். தனியாகப் போகாமல் இன்னொரு வண்டியோடு போங்கள், அதுதான் நல்ல வின்ச். கூரையில் கேரியர் வைத்து ஸ்டெப்னியும் கேனும் ஏற்றுவதையும் விட்டுவிடுங்கள். குறுகலான, உயரமான வண்டியில் பாரம் மேலே போகப்போகக் கவிழும் ஆபத்து கூடும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, ஆர்.சி.யில் பதிந்த விவரம் உற்பத்தியாளரின் அசல் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தச் சட்டத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. முன்னால் மாட்டும் புல் பார்களை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்யச் சொல்லிவிட்டது. எஞ்சின் மாற்றுவது, டீசலாக்குவது, சேஸிஸை வெட்டுவது எல்லாம் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் தொடக்கூடாதவை. லிஃப்ட், பெரிய டயர், கூடுதல் விளக்கு எதுவாக இருந்தாலும் முதலில் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது சொல்லாமல் செய்த மாற்றத்தைத்தான். பழுது நீக்கிச் சொந்த நிலைக்குக் கொண்டுவந்த வண்டியை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதும் பழுதை முதலில் வைக்க ஒரு காரணம்.

பாதை விஷயத்திலும் அப்படியே. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். ஓடைப்படுகையும் புல்வெளியும் யாருக்கும் சொந்தமில்லாத மைதானம் அல்ல. அங்கே நாம் போட்ட தடத்தில் அடுத்த மழையில் மண் அறுத்துக்கொண்டு போகும். உரிமையாளர் அனுமதி தந்த எஸ்டேட் ரோடு, கிராமத்து மண்சாலை, குவாரி நிலம், இதற்கென்றே நடத்தும் பயிற்சித் திடல் ஆகியவை ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும்.

முதல் பாதை

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையில் உள்ளூர் ஜீப்பில் ஒருமுறை பயணியாகப் போய்ப் பாருங்கள். ஏறத்தாழ 8,000 அடி உயரத் தேயிலைத் தோட்டத்துக்குக் கல்லும் பள்ளமுமாக ஏறும் பாதை அது. அந்த ஓட்டுநர்களின் வண்டியில் அலங்காரம் எதுவும் இருக்காது. கால் எப்படி வேலை செய்கிறது என்று கவனியுங்கள். ஏறுவதற்கு முன்பே கியரைத் தேர்ந்துவிடுவார்கள், நடுவில் மாற்றமாட்டார்கள். சக்கரத்தைக் கல்லின் மேல் ஏற்றுவார்கள், கல்லை வண்டியின் வயிற்றுக்கு நடுவில் விடமாட்டார்கள்.

கிளம்பும் இடத்தில் டயர் காற்றைக் குறையுங்கள். மண்ணுக்கும் கல்லுக்கும் 18 முதல் 20 பிஎஸ்ஐ, ஆழமான மணலுக்கு 15 வரை. டியூப் உள்ள டயரை இதைவிடக் குறைத்தால் டயர் ரிம்மில் நழுவி, டியூபின் வாயைப் பிய்த்துவிடும். திரும்பித் தார் ரோட்டுக்கு ஏறுவதற்கு முன் காற்றை நிரப்பவேண்டும், அதனால் பேட்டரியில் ஓடும் சின்னக் கம்ப்ரெஸர் ஒன்று அவசியம். அதோடு இழுவைப் பட்டை, அதைக் கொக்கியில் மாட்ட டி ஷாக்கிள் இரண்டு, மண்வெட்டி, ஜாக்கியும் அதன் அடியில் வைக்க அகலமான பலகையும், பஞ்சர் கிட், ஃபேன் பெல்ட், ஹோஸ், கிளிப், ஃபியூஸ், ஐந்து லிட்டர் தண்ணீர், தீயணைப்பான். எல்லாவற்றையும் வண்டியின் தரையோடு கட்டிவையுங்கள்.

இறக்கத்தில் லோ முதல் கியர், கிளட்ச்சில் கால் வைக்கவே கூடாது. ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டால் பக்கவாட்டில் திருப்பப் பார்க்காதீர்கள், வண்டிகள் கவிழ்வது அங்கேதான். பிரேக்கை அழுத்தி, ரிவர்ஸ் போட்டு, எஞ்சின் பிடியிலேயே வந்த தடத்தில் நேராகப் பின்னால் இறங்குங்கள்.

தண்ணீரை முதலில் நடந்து கடந்து பாருங்கள். சக்கரத்தின் நடுமையம் வரை ஆழம் என்றால் போகலாம், அதற்குமேல் வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பாகம்) உள்ள எஞ்சின், ஃபேன் தெறிக்கும் தண்ணீரிலேயே நின்றுவிடும், அதனால் வேகமாகப் பாயக்கூடாது. தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெளியே இழுத்து, பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் சாவியைத் தொடவேண்டும்.

இன்னொரு வண்டியை இழுக்கும்போது, பட்டையின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது. பட்டையின் நடுவில் ஈரமான சாக்கையோ கனமான துணியையோ போட்டுவையுங்கள், அறுந்தால் அது பட்டையைக் கீழே இழுக்கும்.

வீடு திரும்பிய பிறகு

வண்டியைக் கழுவும்போது அடிப்பகுதியை முதலில் கழுவுங்கள். சேஸிஸின் ஓட்டைகளில், பட்டைகளுக்கு நடுவில், பிரேக் டிரம்முக்குள் அடைந்த மண்தான் அடுத்த துருவுக்கு விதை. ரேடியேட்டரை அதிக அழுத்தத் தண்ணீரால் அடிக்காதீர்கள், மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டால் சேறு வந்துவிடும்.

தண்ணீரில் இறங்கிய வண்டி என்றால், ஒரு இரவு நிறுத்திவைத்துவிட்டு, மறுநாள் காலை எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஹவுசிங்குகளின் வடிகால் போல்ட்டைக் கொஞ்சம் மட்டும் தளர்த்துங்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அது அடியில் இறங்கியிருக்கும், முதலில் சொட்டுவதும் அதுதான். தண்ணீர் சொட்டினாலோ எண்ணெய் வெளுத்திருந்தாலோ முழுக்க மாற்றவேண்டும். தெளிவான எண்ணெய் வந்தால் போல்ட்டை இறுக்கி, குறைந்த அளவை நிரப்பிவிட்டு, கிரீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நிப்பிளாகப் போங்கள். யு போல்ட், ஷாக்கிள் போல்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுண்ட், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் ஆகியவற்றில் ஸ்பேனர் வைத்து இறுக்கம் பாருங்கள். ஸ்டீயரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடத்தில் சேஸிஸ் தகட்டைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.